மகஜரும் சொப்பின் பையும்

(காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்தையொட்டி மட்டக்களப்பில் நிகழ்த்திய உரையின் அச்சு வடிவம்)



படுவான்கரையிலிருந்து வந்த அம்மாமார் முன்வரிசையில் இருக்கிறார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆகவே வரவேற்புகளை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளையையும் புருஷனையும் தேடுகிற பெண்களைக் கொழும்பிலுள்ள தூதரகங்களுக்குக் கூட்டிப் போவது பல வருஷமாக என் வேலைகளில் ஒன்று. அவர்கள் கதைப்பதை ஆங்கிலத்தில் சொல்வேன், அதிகாரி சொல்வதைத் தமிழில் சொல்வேன். "அங்க போய் என்னத்தக் கண்ட?" என்று ஊரில் கேட்காதவர் இல்லை. போகவேண்டாம் என்று தடுத்தவர்கள் உண்டு. போய் வந்த பிறகு வீடு தேடி வந்து, யாரைக் கண்டாய், என்ன கொடுத்தாய் என்று விசாரித்தவர்களும் உண்டு. விசாரித்தவர்களுக்கு நான் சொல்லாத பதிலை இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலில் ஏறினால் விடிய இறங்கலாம். ஆனால் கொக்கட்டிச்சோலைத் தாய்க்கு ரயிலுக்கு முதலே இன்னொரு பயணம் இருந்தது. மண்முனையில் ஜப்பானிய உதவியோடு 2014இல் பாலம் திறக்கும்வரை அவள் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். பாதை பின்னேரத்தோடு நின்றுவிட்டால் அவ்வளவுதான். அதனால் மத்தியானமே வெளிக்கிட்டு, கையில் ஒரு சோற்றுப் பார்சலும் ஒரு சொப்பின் பையுமாக ரயிலடியில் குந்தியிருப்பாள்.

அந்தப் பைக்குள் என்ன இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, மடிப்புக்கு மடிப்பு கிழிந்து ஒட்டுப்போட்டது. செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த துண்டு. 1994இல் நியமித்த ஜனாதிபதி ஆணைக்குழுவுக்கு முன்னால் சாட்சி சொன்னதற்கான இலக்கம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, அதற்குப் பிறகு காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். சமாதான நீதவான் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி. கடைசியில் ஒரு படம், பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்தது, பிறகு பெரிதாக்கி லமினேட் பண்ணியது.

ஒருமுறை ஒரு தூதரக வாசலில் காவலர் கைத்தொலைபேசிகளை வாங்கி வைத்தார், பைகளையும் வெளியே வைக்கச் சொன்னார். எங்களோடு வந்த ஓர் அம்மா ஒரு சொல்லும் பேசாமல் காலி வீதியின் நடைபாதையிலேயே இருந்து, பைக்குள் இருந்த கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கி, முந்தானையால் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு ஒரு பிஸ்கற் பக்கற் மட்டும் மிஞ்சிய பையைக் காவலரிடம் நீட்டினார். "பையத்தானே வைக்கச் சொன்ன" என்றார். உள்ளே அனுப்பினார்கள்.

இத்தனை ஆணைக்குழுக்களுக்கு முன்னால் நின்ற பெண் ஏன் இன்னொரு நாட்டின் வாசலில் வந்து நிற்கிறாள்? வெளிநாட்டில் நம்பிக்கை வைத்து என்று சிலர் சொல்கிறார்கள். நான் கண்டது அதில்லை. அவளிடம் அப்படியொரு நம்பிக்கை மிச்சமில்லை. தூதரகம் எழுதுகிற இடம், அதனால்தான் போகிறாள். ஒரு தாயைச் சந்தித்த அதிகாரி அன்று பின்னேரமோ மறுநாளோ தன் தலைநகருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புகிறார். அந்தக் குறிப்பு ஒரு கோப்புக்குள் போகிறது. எங்கள் பொலிஸ் நிலையத்தில் எரிந்துபோன, நனைந்துபோன, "அப்படியொரு முறைப்பாடு இல்லை" என்று மறுக்கப்பட்ட ஒரு விஷயம் இன்னொரு நாட்டின் அலுமாரியில் திகதியோடு கிடக்கிறது. எங்கள் மகஜருக்கு இருக்கிற முதல் பலம் அதுதான். சில நாட்களில் ஒரே பலமும் அதுதான்.

இதற்கு ஓர் உதாரணம். ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி நடந்தபோது, 1977 ஏப்ரல் 30 அன்று, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் புவனஸ் அயர்ஸ் நகரின் மே சதுக்கத்தில் முதல்முறையாகக் கூடினார்கள். அதே காலத்தில் அங்கிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் டெக்ஸ் ஹாரிஸ் என்றொரு இளநிலை அதிகாரி இருந்தார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினருக்குத் தூதரகத்தின் கதவை அவர் திறந்துவிட்டார். வந்தவர்கள் சொன்னதை அட்டை அட்டையாகப் பதிந்தார். பதின்மூவாயிரத்து ஐந்நூறு மீறல்கள் அப்படிப் பதிவாயின. இதனால் அவருடைய மேலதிகாரிகளோடேயே அவருக்கு முரண்பாடு வந்தது. 2002இல் அமெரிக்கா அந்தக் காலத்து ஆவணங்களைப் பகிரங்கப்படுத்தியபோது அந்த எழுத்து நீதிமன்றங்களுக்குப் போனது. ஒரு தாய் கதிரையில் இருந்து சொன்னது இருபத்தைந்து வருஷம் கழித்துத் தளபதிகளுக்கு எதிரான சாட்சியானது. கேட்பவர் யார் என்பதும் முக்கியம். எல்லாத் தூதரகத்திலும் ஒரு டெக்ஸ் ஹாரிஸ் இருப்பதில்லை. இருக்கும் நாளில் எங்கள் கையில் பெயரும் திகதியும் இருக்க வேண்டும்.

எங்கள் மண்ணுக்கு வருகிறேன். 2004இல் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா அவர்களிடமிருந்து பிரிந்தார். 2006இல் இந்த மாவட்டத்தில் அவரது ஆட்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேலியடியில் நின்ற பிள்ளை, கோயில் திருவிழாவுக்குப் போன பிள்ளை, ரியூசனுக்குப் போன பிள்ளை. அதற்கு முதல் புலிகளும் இதே ஊர்களில் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டவர்கள், எடுத்தவர்கள் என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. தாய்மார் பொலிஸுக்குப் போனார்கள், முகாமுக்குப் போனார்கள், யுனிசெப்புக்கும் நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழுவுக்கும் போனார்கள். அந்த வருஷம் நவம்பரில் ஐ.நா. சார்பில் அலன் ரொக் இங்கே வந்து கேட்டுவிட்டு, பாதுகாப்புப் படையில் சிலர் இதற்கு உடந்தை என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசாங்கம் மறுத்தது.

2007 பெப்ரவரி 27 அன்று சில நாடுகளின் தூதுவர்கள் ஹெலிகொப்டரில் மட்டக்களப்பில் வந்து இறங்கியபோது புலிகளின் மோட்டார் குண்டுகள் விழுந்தன. அமெரிக்கத் தூதுவர் ரொபர்ட் பிளேக்கும் இத்தாலியத் தூதுவரும் சிறு காயமடைந்தார்கள். அன்றைக்கு ஊர் முழுக்க அந்தக் கதைதான். வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து கூடாரங்களில் கிடந்த ஆயிரக்கணக்கான சனத்தைப் பற்றிய செய்தி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

அதே ரொபர்ட் பிளேக் அந்த வருஷம் மே மாதம் வாஷிங்டனுக்கு எழுதிய ஒரு தந்தி 2010 டிசெம்பரில் விக்கிலீக்ஸ் மூலம் வெளிவந்தது. துணை ஆயுதக் குழுக்களோடு அரசுக்கு இருந்த உடந்தையையும், கிழக்கில் கருணா குழு செய்த கடத்தல், கப்பம், சிறுவர் பிடிப்பு எல்லாவற்றையும் அதில் விரிவாக எழுதியிருந்தார். அவருக்குப் பின் வந்த தூதுவர் பற்றீசியா புட்டெனிஸ் 2010 ஜனவரியில் எழுதிய தந்தியும் வெளிவந்தது. போரின் கடைசிக் காலக் குற்றங்களுக்கான பொறுப்பு நாட்டின் மேல்மட்டத் தலைமைவரை போகிறது என்று அதில் இருந்தது.

பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை ஒரு தாய்க்கு நான் வாசித்துக் காட்டினேன். அவருடைய பதினைந்து வயது மகனை 2006இல் கொண்டுபோனார்கள். கேட்டு முடிய, "அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். சிறிது நேரம் கழித்து, "தெரிஞ்சும் இருந்திருக்கானுகள்" என்றார். அன்றிலிருந்து மகஜரில் நாங்கள் இரண்டு பகுதி வைக்கத் தொடங்கினோம். ஒன்று, நீங்கள் எழுதி வைக்க வேண்டியது. மற்றது, உங்கள் நாட்டினால் மட்டும் செய்யக்கூடியது. இரண்டாவது பகுதி இல்லாத மகஜரை நான் இப்போது தூக்கிக்கொண்டு போவதில்லை. "நீதி பெற்றுத் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், "உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்" என்று பொதுவாகப் பதில் வரும். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பி வரலாம்.

செய்யக்கூடியது நாட்டுக்கு நாடு வேறு. 2007 நவம்பரில் கருணா லண்டனில் பிடிபட்டார். பொய்ப் பெயரில் கடவுச்சீட்டு வைத்திருந்த குற்றத்துக்கு 2008 ஜனவரியில் ஒன்பது மாதச் சிறை. சித்திரவதைக்கும் சிறுவரைப் பிடித்ததற்கும் அங்கேயே வழக்குப் போடுங்கள் என்று மனித உரிமை அமைப்புகள் கேட்டன. குற்றத்தை நிறுவப் போதிய சான்று இல்லை என்று பிரித்தானிய அரச வழக்குத் தொடுநர்கள் தீர்மானித்தார்கள். அவர் 2008 ஜூலையில் நாடு திரும்பினார், பாராளுமன்றத்துக்குப் போனார், அமைச்சராகவும் ஆனார்.

சான்று போதாது என்ற அந்தச் சொல் என்னை நெடுநாள் உறுத்தியது. சந்திவெளியிலும் கிரானிலும் ஏறாவூர்ப்பற்றிலும் கண்ணால் கண்ட தாய்மார் எத்தனை பேர்! அவர்களுடைய வாயிலிருந்த சான்று லண்டன் மேசைக்குப் போய்ச் சேரும் வடிவத்தில் அன்றைக்கு இருக்கவில்லை. பயம் ஒரு காரணம். சத்தியக்கடதாசி முடிக்கச் சட்டத்தரணியின் வாசலுக்குப் போனாலே கண்டுகொள்ளும் காலம் அது. ஆனால் எங்களைப் போன்றவர்கள் அழுகையைக் கேட்ட அளவுக்கு விபரத்தைப் பதியவில்லை என்பதும் உண்மை. 2025 மார்ச் 24 அன்று பிரித்தானியா சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகிய மூன்று படைத்தளபதிகளோடு கருணாவுக்கும் தடை விதித்தது. பயணத்தடை, சொத்து முடக்கம். பதினேழு வருஷம். கடத்தப்பட்ட பிள்ளை திரும்பியிருந்தால் அவனுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கும். நான் இதை வெற்றி என்று கொண்டாடவில்லை. ஒன்றுமில்லை என்று தள்ளவும் மாட்டேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கையில் இருப்பது ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை. மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றவில்லை என்று 2010 ஓகஸ்டில் அதை நிறுத்தினார்கள், 2017 மேயில் திரும்பக் கொடுத்தார்கள். இதைப் பற்றி ஒரு கூட்டத்தில் மகஜர் எழுதிக்கொண்டிருந்தபோது, சலுகையை நிறுத்தச் சொல்லிக் கேட்போம் என்றோம். ஓர் அம்மா குறுக்கே சொன்னார்: "அதக் கேளாதீங்க. என்ட மூத்தவள் கட்டுநாயக்கால காமெண்டில நிக்கிறாள். அவள்ட வேலை போகும்." எங்களில் பலர் அதை யோசிக்கவே இல்லை. அந்த வரியை வெட்டிவிட்டு, சலுகையை வைத்துக்கொண்டு பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கும்படி நெருக்குங்கள் என்று எழுதினோம். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் அது. 2021 மே 18 அன்று இந்த மாவட்டத்தில் போரில் இறந்தவர்களுக்காகக் கடற்கரையில் விளக்கேற்றியதற்காகப் பத்துப் பேரை மாதக்கணக்கில் உள்ளே வைத்ததும் அதே சட்டம்தான். அடுத்த மாதம், ஜூன் 10 அன்று, ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையும் வரிச்சலுகையையும் ஒன்றாக வைத்துத் தீர்மானம் போட்டது.

இந்தியாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. இந்தியப் படை இங்கே நின்ற 1988இல் மட்டக்களப்பு அம்பாறை அன்னையர் முன்னணியினர் இந்தியத் தரப்போடு பேச்சுக்குப் போனார்கள், பலனில்லாமல் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் பத்துப் பிள்ளைகளின் தாயான பூபதி அம்மா மார்ச் 19 அன்று மாமாங்கப் பிள்ளையார் கோயிலில் உண்ணாநோன்பு இருந்தார். ஏப்ரல் 19 அன்று உயிர் போனது. போர்நிறுத்தம், புலிகளோடு பேச்சு என்ற அவரது கோரிக்கைகளின் அரசியலை ஏற்பவரும் ஏற்காதவரும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நான் சொல்ல வருவது அந்த வரிசையை. முதலில் பேசப் போனார்கள். பேச்சுக்குப் பெறுமதி கிடைக்காத இடத்தில் உடம்பை வைத்தார்கள். தாய்மார் கதவைத் தட்டும்போது கேட்க வேண்டியது அதனால்தான். 2021 மார்ச்சில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், இலங்கை பற்றிய சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறிமுறைக்கு இருபத்திரண்டு நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. பதினொரு நாடுகள் எதிர்த்தன. இந்தியா வாக்களிக்காமல் இருந்தது. எங்களுக்குக் கிட்ட இருக்கிற நாடு, எங்கள் மொழி தெரிந்த அதிகாரிகள் இருக்கிற நாடு. அங்கே போவதை நாங்கள் நிறுத்தவில்லை.

தூதரகம் எல்லாம் வல்லது என்று யாரும் நினைக்கவேண்டாம். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹீபேர்ட் சுவாமியை இங்கே வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்க இயேசு சபைத் துறவி. 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் அவரும் கூட வந்த ஒரு தமிழ் இளைஞனும் காணாமல் ஆக்கப்பட்டார்கள். உலகின் மிகப் பலமான நாட்டின் குடிமகன். இன்றுவரை எலும்புகூடக் கிடைக்கவில்லை. அவருடைய தோழர் ஹரி மில்லர் சுவாமி 1948இல் இங்கே வந்தவர். அந்த நாட்களில் சமாதானக் குழுவோடு சேர்ந்து முகாம் முகாமாகப் போய்க் கேட்டு, பிடிபட்டவர்களின் பெயர்களை எழுதி வைத்தார். கொழும்பிலிருந்து வந்த ராஜதந்திரிகளும் நிருபர்களும் முதலில் தேடியது அவரை. தூதுவர்களும் விலை கொடுத்ததுண்டு. 1991இல் பிரித்தானிய உயர்ஸ்தானிகர் டேவிட் கிளாட்ஸ்டனை, உள்ளூராட்சித் தேர்தல் முறைகேடு பற்றிப் பொலிஸில் சொன்னதற்காக, அரசாங்கம் நாட்டைவிட்டு அனுப்பியது.

அதே 1991 ஜூன் 12 அன்றுதான் மகிழடித்தீவில் கண்ணிவெடியில் இரண்டு படையினர் இறந்தார்கள், அதன் பின் படையினர் ஊரவரைக் கொன்றார்கள். நாலு வருஷத்துக்கு முதல், 1987 ஜனவரி 28 அன்று, அதே மகிழடித்தீவில் அமெரிக்க முதலீட்டோடு நடந்த இறால் பண்ணையில் படையினர் தொழிலாளரையும் சிறுவரையும் சுட்டபோது ஒரு விசாரணையும் ஒழுங்காக நடக்கவில்லை. 1991இல் ஆணைக்குழு நியமித்தார்கள். உதவி கொடுக்கும் நாடுகள் மனித உரிமையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிய காலம் அது. அறுபத்தேழு பேர் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள் என்று ஆணைக்குழு சொன்னது. ஊரவரின் எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். இராணுவ நீதிமன்றத்தில் ஓர் அதிகாரிக்கு, படையினரைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்று பதவி போனது. மற்ற பத்தொன்பது பேரும் விடுதலை. வெளியிலிருந்து வரும் நெருக்குதல் எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு இது அளவுகோல்.

இப்போது மொழிபெயர்ப்பு. இதில் என் பிழையைச் சொல்ல வேண்டும்.

1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களை இராணுவம் வரிசையில் நிறுத்தி, முகம் மூடிய ஆள்காட்டிகளான தலையாட்டிகளைக் கொண்டு 158 பேரைப் பொறுக்கி பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனது. ஒருவரும் திரும்பவில்லை. முகாமுக்குப் பொறுப்பாக இருந்த விரிவுரையாளர்கள் பெயர்களைப் பதிந்து வைத்தபடியால்தான் அந்த எண்ணை இன்றைக்கும் இலக்கம் பிசகாமல் சொல்கிறோம். நாலு நாள் கழித்து, 9ஆம் திகதி, சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டார்கள். இவற்றில் முதலாவதில் மகனை இழந்த ஒரு தாயை நான் கூட்டிப் போயிருந்தேன். ஐந்து தாய்மார், அரை மணித்தியாலம். அவர் விடியப்புறம் பிட்டுக்கு மா நனைத்ததிலிருந்து தொடங்கினார். மகன் என்ன சாரம் கட்டியிருந்தான், அதில் எந்த இடத்தில் அவர் தையல் போட்டிருந்தார், பஸ் எந்தப் பக்கம் திரும்பியது என்று பத்து நிமிஷம் கதைத்தார். நேரம் போகிறது என்ற பதற்றத்தில் நான் ஒரே வசனத்தில் சொன்னேன்: 1990 செப்டெம்பரில் அகதி முகாமிலிருந்து இவரது மகனை இராணுவம் கொண்டுபோனது. அதிகாரி ஒரு வரி எழுதினார்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது கேட்டார்: "நான் இவ்வளவு நேரம் கதைச்ச. நீ ரெண்டு சொல்லுத்தானே மகள் சொன்ன." முக்கியமானதைச் சொன்னேன் அம்மா என்றேன். "சாரத்தின்ட நிறத்த ஏன் விட்ட? நாளைக்கு எங்கயாவது தோண்டினா அத வைச்சுத்தானே அடையாளம் புடிக்கிற?"

2025 ஓகஸ்ட் 5 அன்று யாழ்ப்பாணத்தில், செம்மணிப் புதைகுழியில் எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் சனம் அடையாளம் காட்டுவதற்காகப் பரப்பி வைத்தார்கள். பள்ளிக்கூடப் பை, செருப்பு, சட்டைத் துண்டு. படங்களைப் பார்த்தபோது அந்தப் பஸ் தரிப்பிடம்தான் நினைவுக்கு வந்தது. தடயவியல் படித்தவர் சொல்வதை அவர் வருஷங்களுக்கு முதலே சொல்லியிருக்கிறார். நான் வெட்டியெறிந்தது கதையின் அலங்காரம் இல்லை, சான்று. இப்போது நான் சுருக்குவதில்லை. ஐந்து பேருக்கு நேரம் போதாவிட்டால் இரண்டு பேரோடு போகிறேன். மற்ற மூன்று பேரின் வாக்குமூலத்தை முழுதாக எழுதிக் கையளிக்கிறேன். தமிழ் மூலம் மேலே, ஆங்கிலம் கீழே. "காணாமல் போனார்" என்று எழுதுவதுமில்லை. அவன் தானாகப் போகவில்லை என்று தாய்மார்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆக்கப்பட்டார் என்ற சொல் அவர்கள் தெருவில் இருந்து சம்பாதித்தது.

இன்னொரு நாள் ஓர் அதிகாரி எங்கள் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "காத்தான்குடி, ஏறாவூர் பெயர்கள் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டார்கள். ஒன்பது நாளில் ஏறாவூர். அதற்கு முந்திய மாதம் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கொண்டுபோனவர்களின் குடும்பங்கள் இன்னும் புதைகுழியைத் தோண்டித் தரும்படி கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரே வாவி, ஒரே வருஷம், பக்கத்துப் பக்கத்து ஊர்கள். எங்கள் பட்டியலில் அவர்கள் இல்லை. திரும்பி வந்து அந்த ஊர்களுக்குப் போனோம். எல்லோரும் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. அவர்கள் பக்கத்தில் நியாயம் இருந்தது. சிலர் இருத்திக் கதைத்தார்கள், தங்கள் பட்டியலைத் தாங்களே எழுதித் தந்தார்கள். அந்தப் பட்டியலை எங்கள் கோப்பில் வைத்துக்கொண்டு போகத் தொடங்கியபின், எங்கள் பிள்ளைகளின் பெயர்களையும் அந்த அறைகளில் இன்னும் கவனமாக வாசித்தார்கள் என்பது என் அனுபவம். அதற்காக அதைச் செய்யவில்லை. செய்யாமல் விட்டது பிழை, அதனால் செய்தோம்.

பயத்தையும் சொல்லிவிடுகிறேன், இளம் பிள்ளைகள் சிலர் இந்த வேலைக்கு வர நினைக்கிறீர்கள் என்பதால். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் 2006 டிசெம்பர் 15 அன்று கொழும்பில், பாதுகாப்பு நிறைந்த பகுதியில், ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் காணாமல் ஆக்கப்பட்டார். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரை விடியப்புறம் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் தடுத்தது. பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் ஐயா ராஜதந்திரிகளோடு எங்களுக்காக எத்தனையோ முறை கதைத்தவர். 2005 நத்தார் இரவுப் பூசையில், இங்கே, மரியாள் பேராலயத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தூதரகத்துக்குப் போவது பாதுகாப்பு என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தனியே போகவேண்டாம். போவதை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். பெயரைச் சொல்ல விரும்பாத தாயின் பெயரை எந்தக் கடதாசியிலும் எழுதவேண்டாம், உங்கள் சொந்தக் குறிப்புப் புத்தகத்திலும் வேண்டாம். படம் எடுக்கலாமா என்று அதிகாரி கேட்டால், பதில் சொல்ல வேண்டியது நீங்களில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

சாரத்தின் நிறத்தைக் கேட்ட அதே அம்மாவை இரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்னொரு தூதரகத்துக்குக் கூட்டிப் போனேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன், பிட்டு மா உட்பட. இளம் அதிகாரி ஒருவர், நிறைய எழுதினார். நாற்பது நிமிஷம் முடிந்து அவர் எழும்பிக் கை கொடுக்க வந்தபோது அம்மா எழும்பவில்லை. "என்ன எழுதின எண்டு வாசிச்சுக் காட்டச் சொல்லு மகள்" என்றார். நான் தயங்கித்தான் கேட்டேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்ப இருந்து, தன் குறிப்பை மெல்ல மெல்ல வாசித்தார். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையில் கையை உயர்த்தினார்.

"காலம எண்டு எழுதியிருக்கான். காலம இல்ல. வெயில் சாஞ்ச பிறகு."

அதிகாரி பேனையை எடுத்து, அந்த இடத்தை வெட்டி, மேலே எழுதினார். எழுதியதைத் திரும்ப வாசித்தார். அம்மா தலையாட்டினார், தன் கடதாசிகளை ஒழுங்காக அடுக்கினார், பிறகுதான் எழும்பினார்.